விலையில் நுழையும் சூது



வியாபாரம் ஆகுமானது, வட்டியும் சூதும் ஆகாதவை. மதரஸாவில் முதல் வருஷம் ஓதும் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் கடையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு முன்னால் ஹலாலும் ஹராமும் தத்தம் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு வந்து நிற்பதில்லை. இரண்டும் ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரே மாதிரி ஆர்டர் தாளோடு வருகின்றன. சூது மேசையை ஆயுளில் கண்ணால் பாராத வியாபாரியிடமும் சூதின் தளவாடத்தைச் செய்து தரச் சொல்லி ஆள் வருகிறது. அப்படி வரும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதை விற்கலாமா, விற்றால் என்ன விலைக்கு விற்கலாம் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்தப் பொருள் போக்கர் சில்லு. போக்கர் என்பது சீட்டுக்கட்டை வைத்துப் பந்தயம் கட்டி ஆடும் ஆட்டம். பந்தயத்தை ரொக்கமாக வைக்காமல் வட்டமான சில்லுகளாக வைப்பார்கள். ஆங்கிலத்தில் சிப் என்று சொல்லுவது இதையே. வழக்கமான சில்லு 39 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது. எடை ஏறத்தாழ 10 முதல் 14 கிராம். களிமண் கலவை, பீங்கான், பிளாஸ்டிக் ஆகியவற்றில் செய்கிறார்கள். இப்போது இதே சில்லில் பெயரும் தேதியும் சின்னமும் அச்சிட்டு, கல்யாணம், கம்பெனி ஆண்டு விருந்து, சங்க விழா, பழைய மாணவர் கூட்டம் ஆகியவற்றுக்கு ஞாபகார்த்தப் பொருளாகக் கொடுக்கும் வழக்கம் வந்திருக்கிறது. கேடயம், கோப்பை, பேனா, சாவிக்கொத்து விற்கிற கடைக்காரரிடம்தான் இந்த ஆர்டர் வரும். தொழிற்சாலைகள் நிறைந்த மாக் மண்டின் போன்ற இடத்தில் கம்பெனி விருந்துகளுக்குக் குறைவில்லை. ஆகவே இது நமக்குத் தூரத்து விஷயம் அல்ல.

சில்லு செய்யும் வேலை

ஒரு பொருளின் குற்றம் குணம் தெரிய வேண்டுமானால் அது என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சூதாட்ட விடுதியில் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு சில்லைக் கொடுப்பது எதற்காக? எண்ணுவது சுலபம், திருட்டைக் கண்டுபிடிப்பது சுலபம் என்பார்கள். மெய்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. நூறு வெள்ளித் தாளை மேசையில் வீசத் தயங்கும் கை, நூறு என்று எழுதிய சில்லை வீசத் தயங்குவதில்லை. தாளைப் பார்த்தால் வீட்டு வாடகை ஞாபகம் வரும். பிள்ளையின் பள்ளிக்கூடப் புத்தகம் ஞாபகம் வரும். சில்லைப் பார்த்தால் விளையாட்டு மட்டுமே ஞாபகம் வரும். பணத்தைப் பணமாகத் தெரியாதபடி மறைப்பதே சில்லின் வேலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விலையைப் பற்றிப் பேசும்போது இதே சொல் மறுபடியும் வரும்.

நம் அண்டை நாடான சயாமில் இதன் பழைய கதை ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே சூதாட்ட விடுதிகளைக் குத்தகைக்கு எடுத்த சீனர்கள், சீன தேசத்தில் ஆர்டர் கொடுத்து, பீங்கானில் சிறு சில்லுகள் செய்து வரவழைத்தார்கள். ஒவ்வொரு விடுதிக்கும் தனி வடிவம், தனி எழுத்து. சில்லறைக் காசுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் ஜனங்கள் அவற்றை வெளியே கடைத்தெருவிலும் காசாகவே கொடுத்து வாங்கத் தொடங்கினர். கள்ளச் சில்லு பரவிவிட்டால் குத்தகைக்காரர் புதுச் சில்லு வெளியிட்டு, பழையதைக் குறித்த நாளுக்குள் மாற்றிக்கொள்ளச் சொல்வார். அந்த நாள் தப்பினால் கையிலிருந்தது வெறும் பீங்கான். கடைசியில் சூலாலங்கோன் மன்னர் காலத்தில் அவை காசாகப் புழங்குவதை அரசாங்கமே தடுத்தது. சூதாடாத மீன்காரியின் முந்தானையிலும் சூதாட்ட விடுதியின் சில்லு முடிந்து கிடந்தது என்றால், மேசையில் பிறந்த பொருள் மேசையோடு நிற்காது என்பது விளங்குகிறது.

அமெரிக்காவிலும் இப்படியே. வெள்ளி டாலர் நாணயத்துக்குப் பஞ்சம் வந்தபோது, 1965 முதல் நெவாடா மாநிலத்துச் சூதாட்ட விடுதிகள் தங்கள் பெயர் பொறித்த உலோக வில்லைகளைப் புழக்கத்தில் விட்டன. பிற்காலத்தில் விசேஷ நாட்களுக்கென்று ஞாபகார்த்தச் சில்லுகளும் வந்தன. அவற்றைச் சேகரிப்பவர்களுக்கு 1988-ல் ஒரு சங்கமே அமைந்தது. இதில் விடுதிக்காரருக்கு என்ன லாபம் தெரியுமா? ஐந்து டாலர் என்று எழுதிய சில்லைச் செய்ய ஆகும் செலவு ஐந்து டாலரில் சிறு பங்கே. அழகாக இருக்கிறதென்று ஒருவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால், அதைத் திருப்பிப் பணமாக்க அவர் வரப்போவதில்லை. மிச்சம் முழுவதும் விடுதிக்கே. ஆடித் தோற்றவனிடம் வாங்குவது போக, ஆடாதவனிடமும் வாங்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

நம் நாட்டில் சட்டப்படி நடக்கும் சூதாட்ட விடுதி 1971-ல் திறந்த கெந்திங் மலை விடுதி ஒன்றே. அதில் முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. 1953-ம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டம், சோதனையிடும் இடத்தில் சூதாட்டக் கருவி அகப்பட்டால் அதையே குற்றத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளவும் இடம் தருகிறது. ஆகவே "வெறும் பிளாஸ்டிக் வட்டம்தானே" என்று யாரும் அலட்சியமாக இருந்துவிட முடியாது.

மார்க்கத்தின் அளவுகோல்

திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் 90, 91-ம் வசனங்கள் மதுவையும் சூதையும் ஒன்றாகச் சேர்த்து விலக்குகின்றன. பகையும் வெறுப்பும் மூட்டி, இறை ஞாபகத்தையும் தொழுகையையும் விட்டு மனிதனைத் திருப்பிவிடும் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். அதே அத்தியாயத்தின் 2-ம் வசனம் பாவத்துக்குத் துணைபோவதைத் தடுக்கிறது. ஆடுபவனுக்கு 90-ம் வசனம். கடைக்காரனுக்கு 2-ம் வசனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

துணைபோவது என்றால் எதுவரைக்கும்? இதை ஃபிக்ஹு நூல்களில் திராட்சையை வைத்துப் பேசியிருக்கிறார்கள். மது வடிப்பவன் என்று தெரிந்தே ஒருவனுக்குத் திராட்சை விற்பது ஷாஃபிஈ மத்ஹபில் ஹராம்; சந்தேகம் மட்டும் இருந்தால் மக்ரூஹ். இமாம் அபூஹனீஃபா அவர்கள் இதில் இலேசாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூஸுஃபும் இமாம் முஹம்மதும் மக்ரூஹ் என்றார்கள். பினாங்குத் தமிழ் முஸ்லிம்களில் இரண்டு மத்ஹபினரும் கலந்திருப்பதால் இந்த வித்தியாசம் நமக்குப் பிரயோஜனமானது.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இமாம் அபூஹனீஃபா சொன்ன காரணம் என்ன? திராட்சை ரசம் மாறிய பிறகே மதுவாகிறது. விற்கும்போது பாவம் அந்தப் பொருளில் இல்லை என்பது. கலகக்காரர்களுக்கு ஆயுதம் விற்பதையோ அதே மத்ஹபு வெறுக்கிறது. ஏனெனில் ஆயுதம் எந்த மாற்றமும் இல்லாமல் இருந்தபடியே கலகத்தில் பயன்படுகிறது. எண் அச்சிட்ட சில்லு எதைப் போன்றது? அதை வடிக்க வேண்டியதில்லை, புளிக்க வைக்க வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்து மேசையில் கொட்டினால் போதும். ஆகவே அது திராட்சையின் வரிசையில் சேராது, ஆயுதத்தின் வரிசையில்தான் சேரும் என்று என் அறிவுக்குப் படுகிறது. தீர்ப்புச் சொல்ல உலமாக்கள் இருக்கிறார்கள்; நான் கடைக்காரன் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன்.

நான்கு விதமான ஆர்டர்

நடைமுறையில் வரும் ஆர்டர்களை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, சீட்டாடும் கிளப் ஒன்று தன் பத்தாம் ஆண்டுக்கு என்று 5, 25, 100 என எண் போட்டுச் சில்லு கேட்கிறது. பெயர் ஞாபகார்த்தம், வேலை பந்தயம். இதை ஒப்புக்கொள்ளலாகாது.

இரண்டாவது, ஒரு கம்பெனி தன் ஆண்டு விருந்தில் சூதாட்ட மேசை போட்டு, பொய்ப் பணமாகச் சில்லு கொடுத்து, கடைசியில் அதிகம் சேர்த்தவருக்குப் பரிசு தர எண்ணுகிறது. "நிஜப் பணம் இல்லையே" என்பார்கள். பணம் இல்லாவிட்டாலும் அது பழக்கம் அல்லவா? சிறுவனுக்குத் தண்ணீரைக் கள்ளுக் கலயத்தில் ஊற்றிக் குடிக்கப் பழக்குவதை நாம் சும்மா பார்த்திருப்போமா? இதிலிருந்து விலகிக்கொள்வதே பேணுதல்.

மூன்றாவது, ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் தங்கள் பள்ளியின் பெயர், சின்னம், வருஷம் மட்டும் போட்டு வட்டமான ஞாபக வில்லை கேட்கிறார்கள். எண் இல்லை, சீட்டுக்கட்டின் குறி இல்லை. சில்லு செய்யும் அதே அச்சில், அதே கலவையில் செய்தாலும் இது பதக்கத்தின் இனம். வட்டமாக இருப்பது குற்றமானால் நாணயமும் குற்றமாகிவிடும்.

நான்காவது, மணமக்கள் பெயரோடு ஓரத்தில் ஆட்டீனும் கலாவரும் வரைந்து, "அழகுக்காக மட்டும்" என்று கேட்கிறார்கள். இதுதான் நடுவில் நிற்பது. என் யோசனை, குறியை எடுத்துவிட்டு வேறு பூவேலை காட்டுங்கள். பத்தில் ஏழு பேர் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள். அவர்களுக்கு வேண்டியது அழகான ஒரு வட்டமே. ஒப்புக்கொள்ளாதவர்களிடம் மரியாதையாக மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள். சீன நண்பரானாலும், இந்து சகோதரரானாலும், "எங்கள் மார்க்கத்தில் இதற்கு இடமில்லை" என்று முகம் மலர்ந்து சொன்னால் கோபிப்பவர் குறைவு. "இல்லை" என்று சொல்லுவதோடு நிற்காமல், "இதற்குப் பதில் இது இருக்கிறது" என்று மாற்றுப் பொருளை எடுத்து வைப்பது வியாபாரியின் சாமர்த்தியம்.

விலை எங்கே இருக்கிறது?

நிற்க. எண்ணில்லாத, குறியில்லாத வில்லை என்று முடிவாயிற்று. இனி நம் வேலை ஹலாலாகிவிட்டது என்று பலரும் இங்கேயே பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். எனக்கோ இங்கேதான் பயம் தொடங்குகிறது.

அரிசிக்கும் சீனிக்கும் சந்தை விலை உண்டு. நான் ஏற்றிச் சொன்னால் வாங்குபவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். சொல்லிச் செய்யும் பொருளுக்குச் சந்தை கிடையாது. இன்ன பள்ளியின் இன்ன வருஷத்து வில்லை உலகத்தில் வேறு எந்தக் கடையிலும் இல்லை. உதுமானியத் துருக்கியில் 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்டம், சரக்கு விஷயத்தில் உள்ள மதிப்புக்கு மேல் இருபதில் ஒரு பங்கு ஏமாந்தால் அதைப் பெரும் ஏமாற்றம் என்று கணக்கிட்டது. அந்த அளவுகோலும் சந்தை மதிப்பு உள்ள பொருளுக்கே உதவும். இங்கே தராசின் ஒரு தட்டில் சரக்கு இருக்கிறது. மறு தட்டில் நம் மனச்சாட்சியைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. படம் எழுதி அச்சு எடுக்க 400 வெள்ளி. ஒரு வில்லை செய்ய 1 வெள்ளி 80 காசு. சேதாரத்துக்காக நூற்றுக்கு ஐந்து கூடச் செய்ய வேண்டும். பெட்டிக்கும் வண்டிக்கும் 100 வில்லை என்றால் 60 வெள்ளி, 500 என்றால் 100, 1000 என்றால் 150 வெள்ளி.

100 வில்லைக்கு 105 செய்ய 189 வெள்ளி. எல்லாம் சேர்த்து 649 வெள்ளி. ஒன்றின் அசல் 6 வெள்ளி 49 காசு. 500 வில்லைக்கு 525 செய்ய 945, மொத்தம் 1,445, ஒன்றின் அசல் 2 வெள்ளி 89 காசு. 1000 வில்லைக்கு 1050 செய்ய 1,890, மொத்தம் 2,440, ஒன்றின் அசல் 2 வெள்ளி 44 காசு.

ஒரே பொருள், எண்ணிக்கை மாறியதும் அசல் 6 வெள்ளிக்கு மேலிருந்து இரண்டரை வெள்ளிக்குக் கீழே வந்துவிட்டது. காரணம் அந்த 400 வெள்ளி அச்சுக்கூலி. இது வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருப்பதில்தான் ஆசை எட்டிப்பார்க்கிறது. அச்சுக்கூலியை விலைக்குள் புதைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அவர் இன்னொரு 500 கேட்கும்போது அதே விலையைச் சொன்னால் என்ன ஆகிறது? அச்சு ஏற்கெனவே இருக்கிறது. அதன் கூலியை ஒருமுறை கொடுத்தவரிடமே மறுபடியும் வாங்குகிறோம். சூது மேசையில் சில்லு பணத்தை மறைக்கிறது. நம் கடையில் விலை செலவை மறைக்கிறது. மேசையைத் துரத்திவிட்டோம், அதன் வேலையை மட்டும் வைத்துக்கொண்டோம்!

ஆகவே அச்சுக்கூலியைத் தனி வரியில் எழுதுங்கள். அச்சு யாருக்குச் சொந்தம், மறு ஆர்டருக்குக் கூலி உண்டா என்பதையும் முதலிலேயே எழுதுங்கள்.

லாபம் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்பீர்கள். லாபம் பாவமல்ல. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆடு வாங்கி வர உர்வா (ரலி) அவர்களிடம் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் அதற்கு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணலார் அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக துஆச் செய்தார்கள். மதீனாவில் விலை ஏறியபோது, விலையை நிர்ணயம் செய்யும்படி கேட்டவர்களுக்கு இணங்காமல், அது அல்லாஹ்வின் கையில் உள்ளது என்றார்கள். ஆகவே ஒன்றுக்கு 4 வெள்ளி வைத்தாலும் 5 வெள்ளி வைத்தாலும் வாங்குபவர் கண் திறந்து ஒப்புக்கொண்டால் அது வியாபாரமே. கம்பெனிக்கு ஒரு விலையும் பள்ளிக்கூடத்துக்குச் சற்றுக் குறைந்த விலையும் சொல்லலாம்.

ஆனால் நம் கடைத்தெருவில் ஒரு வார்த்தை மலிந்து கிடக்கிறது: "உங்களுக்கு அசலுக்கே தருகிறேன்." நாம் அதைப் பேச்சுக்குச் சொல்கிறோம். மார்க்கம் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்குத் தவ்லியா என்று பெயர் வைத்து, ஒரு ஒப்பந்தமாகவே எடுத்துக்கொள்கிறது. அசல் அதுவல்ல என்று பின்னால் தெரிந்தால், கூட வாங்கியதைக் கழித்துக்கொள்ள வாங்கியவருக்கு உரிமை உண்டென்பது இமாம் அபூஹனீஃபாவின் தீர்ப்பு. லாபம் வையுங்கள், வைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மிச்சமும் நடுவும் மூடிய பெட்டியும்

சேதாரத்துக்காகச் செய்த 25 வில்லையும் நன்றாக வந்துவிட்டால் அவை யாருக்கு? "500 மட்டுமே செய்யப்பட்டவை" என்று வில்லையிலேயே அச்சிட்டிருக்கும்போது, அந்த 25-ஐயும் ரகசியமாகச் சேகரிப்பாளருக்கு விற்றால், வாங்கிய 500 பேரிடமும் நாம் பொய் சொன்னவர்களாகிறோம். ஆர்டர் கொடுத்தவரிடம் ஒப்படையுங்கள், அல்லது அவர் முன்னிலையில் உடைத்துவிடுங்கள்.

வில்லைகளைச் சுருளாக அடுக்கிப் பெட்டியில் வைக்கிறோம். அச்சு மங்கியது சுருளின் நடுவில் போனால் யார் பார்க்கப் போகிறார்கள்? நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்ததும், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்ததும் நமக்குத் தெரியும். நமக்குச் சுருளின் நடுதான் அந்தக் குவியலின் உள்பக்கம்.

இன்னொரு புது வழக்கம், எந்த வில்லை உள்ளே இருக்கிறதென்று தெரியாதபடி மூடிய பெட்டியாக விற்பது. அரிய வில்லை வந்தால் அதிர்ஷ்டம், சாதாரணம் வந்தால் நஷ்டம். அறியாமைக் காலத்து அரபிகள் கல்லை எறிந்து, அது எந்தத் துணியில் விழுகிறதோ அதை விற்றதாக வைத்துக்கொள்வார்கள். அந்தக் கல்லெறி வியாபாரத்தை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மூடிய பெட்டிக்கும் எறிந்த கல்லுக்கும் என்ன வித்தியாசம்? அதுபோலவே, "வாங்கி வையுங்கள், பின்னால் விலை ஏறும்" என்று நமக்கே தெரியாத ஒன்றைச் சொல்லி விற்பதும், ஆள் வைத்துப் பொய்யாக விலை கேட்கச் செய்வதும். எண் இல்லாத வில்லையை வைத்துக்கொண்டே சூதாட இவையெல்லாம் வழிகள்.

முன்பண விஷயத்தையும் எழுத்தில் முடித்துக்கொள்வது நல்லது. ஷாஃபிஈ முறையில் ஸலம் என்று ஒப்பந்தம் செய்தால் தொகை முழுவதையும் முன்னதாக வாங்க வேண்டும். ஹனஃபி முறையில் இஸ்திஸ்னாஃ என்னும் செய்துகொடுக்கும் ஒப்பந்தத்தில் பாதி முன்பணம், பாதி ஒப்படைக்கும்போது என்று வைக்கலாம். எதுவானாலும் அளவு, நிறம், எண்ணிக்கை, நாள் நான்கும் தாளில் இருக்கட்டும்.

நாம் விட்டால்?

"நாம் செய்யாவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் செய்வார். ஆயிரம் சில்லு ஆர்டர் என்பது ஒரு மாதக் கடை வாடகை, ஒரு பையனின் சம்பளம். நாம் விட்டதால் உலகத்தில் சூது குறைந்துவிடுமா?" இந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது. கேட்பவர் பேராசைக்காரர் அல்லர், பிள்ளை குட்டிக்காரர்.

சூது குறையாமல் போகலாம். பக்கத்துக் கடைக்காரர் செய்யவும் செய்யலாம். ஆனால் மறுமையில் பக்கத்துக் கடையின் கணக்கு நோட்டு நம் கையில் கொடுக்கப்படாது. சட்டம் அனுமதிக்கிறதே என்றால், சட்டம் வரும், போகும். சிங்கப்பூரில் 1820-ல் ஃபார்குவார் சூதாட்டத்தைக் குத்தகைக்கு விட்டார். 1823-ல் ராஃபிள்ஸ் தடுத்தார். அதே வருஷம் கிராஃபர்ட் மறுபடியும் விட்டார். 1829-ல் அது எடுபட்டது. ஒன்பது வருஷத்தில் இத்தனை முறை புரண்ட ஒன்றை நம் ரிஜ்குக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாமா?

நம் முன்னோர் கடல் கடந்து பினாங்குக்கு வந்து துணியும் வாசனைச் சரக்கும் விற்றார்கள், நாணயம் மாற்றினார்கள். நாணயம் மாற்றுபவரிடம் ஒரு குணம் உண்டு. தாளில் எழுதிய எண்ணை அவர் நம்புவதில்லை. இன்று அது என்ன பெறும் என்றே பார்ப்பார். நாமும் அப்படிப் பார்க்கப் பழகுவோம். ஆர்டர் வந்ததும் லாபத்தை எண்ணுமுன் இரண்டு கேள்வி கேட்போம்: இந்தப் பொருள் போய்ச் சேருமிடத்தில் பணத்தை மறைக்கப் போகிறதா? என் விலைச்சீட்டு வாங்குபவரிடமிருந்து எதையாவது மறைக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்று சொல்ல முடிந்தால், பிஸ்மில்லாஹ் சொல்லி முன்பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி, குறைந்த லாபத்திலும் நிறைந்த பரக்கத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.